முற்றத்துத் தோட்டமும் குசினிக் கணக்கும்: அல்பர்ட்ஸ்லுண்டில் தன்னிறைவை நோக்கி

தன்னிறைவான வாழ்க்கை என்றதும் நம்மவர்களுக்குக் காணி, கிணறு, துலா, கொட்டிலில் ஒரு பசு என்று ஊர் வளவுதான் கண்முன் வரும். அல்பர்ட்ஸ்லுண்டில் அது கிடைக்காது. கோபன்ஹேகனுக்கு மேற்கே, வயல்வெளியாகக் கிடந்த இடத்தில் 1960களில் திட்டமிட்டுக் கட்டிய நகரம் இது. தெற்குப் பகுதியில் வரிசை வரிசையாக முற்றத்து வீடுகள். மாடி இல்லாத தாழ்ந்த வீடு, அதோடு ஒட்டிய ஒரு சிறு முற்றம், சுற்றிவர மறைப்பு. பின்னர் வந்த கால்கபக்கன், 1976இல் முடிந்த ஹுல்லஸ்பியெல்டெத் போன்ற குடியிருப்புகளிலும் வாசலோடு கொஞ்ச மண் கிடைக்கும். நகரத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் வீட்டுவசதிச் சங்கங்களுக்குச் சொந்தமானவை. அதாவது மண் உங்களுடையதல்ல, கூரை உங்களுடையதல்ல, சூடும் நகரத்துக் குழாயில்தான் வருகிறது.

ஆகவே முழுத் தன்னிறைவை இந்த அத்தியாயத்தில் தேடாதீர்கள். குசினிக்குள் வருவதில் எவ்வளவை நம் கையால் ஆக்கலாம், சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் போகிற காசில் எவ்வளவைக் குறைக்கலாம், எதை அயலவரோடு சேர்ந்து செய்தால்தான் நடக்கும் என்ற மூன்றும்தான் இங்கே பேச்சு. மூன்றாவதை நான் கடைசியில் வைத்திருந்தாலும், இந்த நகரத்தில் அதுதான் முக்கியமானது.

கொப்பியில் தொடங்குங்கள்

முதலில் விதை வாங்காதீர்கள். ஒரு மாதத்துக்குக் கடைச் சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள். மாத முடிவில் ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். அரிசி, பருப்பு, தேங்காய், புளி, மிளகு, சீரகம் ஒரு பக்கம். இவை டென்மார்க் மண்ணில் ஆகாதவை, அல்லது ஒரு வீட்டால் ஆக்க முடியாதவை. இவற்றைத் தொடர்ந்து வாங்கத்தான் வேண்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம், உள்ளி, லீக்ஸ், கீரை, கொத்தமல்லி, வெந்தயக் கீரை, பச்சை மிளகாய், தயிர், இட்லி மா, ஊறுகாய், பாண் மறுபக்கம். இந்த இரண்டாவது நிரலில் எந்த மூன்று பொருளுக்கு அதிகக் காசு போகிறது என்று பாருங்கள். முதல் வருடம் அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் கொத்தமல்லி அதில் ஒன்றாக இருக்கும். சிறு பொதியாக வாங்கி, பாதி ஃபிரிட்ஜில் அழுகிப்போகும் பொருள் அது.

தேவை வந்தபோது வீட்டுத்தோட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. 1970 முதல் 1977 வரை இலங்கையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அவற்றை விளைவித்து நிமிர்ந்தார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ளும் வடக்கின் வீடுகள் வளவையும் கைவேலையையும் நம்பித்தான் அடுப்பெரித்தன. டென்மார்க்கிலும் 1884இல் ஆல்போர்க் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று சிறு தோட்டத் துண்டுகள் ஒதுக்கப்பட்டன. கோலோனிஹேவ எனப்படும் இந்தத் தோட்டங்களுக்கு 1908இல் நாடளாவிய சங்கமே உருவானது. மாடி வீட்டில் இருந்த தொழிலாளி வார இறுதியில் போய் உருளைக்கிழங்கு கிண்டிய நிலம் அது.

வெளிச்சமும் உறைபனியும்

ஊர்ப் பழக்கம் இங்கே முதலில் தடுமாறுவது வெளிச்சத்தில். ஜூன் கடைசியில் பதினேழரை மணி நேரப் பகல். டிசம்பர் கடைசியில் ஏழு மணி நேரம், அதுவும் பெரும்பாலும் முகில் மூடிய வெளிச்சம். மே நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழக்கூடும், அக்டோபரில் திரும்ப வந்துவிடும். ஏப்ரலில் நாலு நாள் வெயில் எறித்ததைக் கண்டு மிளகாய்க் கன்றை வெளியே வைத்தால் ஒரே இரவில் கறுத்துப்போகும். உறைபனி தாங்கும் பயிருக்கு மார்ச், ஏப்ரல். தாங்காத பயிருக்கு மே கடைசி அல்லது ஜூன். இந்த ஒன்றை மனதில் இருத்தினால் பாதி நட்டம் தப்பும்.

மண் இங்கே கனத்த களி, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. ஈரமாயிருக்கும்போது மிதித்தாலும் கொத்தினாலும் காய்ந்தபின் கல்லாக இறுகிவிடும். கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக ஒட்டி நின்றால் இன்னும் காலம் ஆகவில்லை, உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். ஆண்டுதோறும் மேலே கொம்போஸ்ட் போடுவதுதான் களிமண்ணுக்கு மருந்து. இன்னொன்றையும் கவனியுங்கள். டென்மார்க்கில் நகரப் பகுதி மண், வேறாக அறிவிக்கப்படாவிட்டால், சிறிதளவு மாசுபட்டதாகவே சட்டத்தில் வகைப்படுத்தப்படுகிறது. உங்கள் வீட்டு மண் எந்த வகை என்று நகராட்சியிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பலகை அடித்து உயர்த்திய பாத்தியில், வாங்கிய மண்ணில் கீரையையும் கிழங்கையும் வளருங்கள். பழைய பச்சை நிறப் பதனிட்ட பலகையை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். முன்பு அதில் ஆர்சனிக் சேர்த்தார்கள்.

இரண்டு பயிர் நிச்சயம்

முதல் வருடத்திலேயே கைவிடாத பயிர் இரண்டு. ஒன்று உருளைக்கிழங்கு. மார்ச் நடுவில் விதைக் கிழங்கை வாங்கி, வெறும் முட்டைத் தட்டில் கண் மேலே பார்க்க அடுக்கி, குளிர்ந்த ஆனால் வெளிச்சமான யன்னலோரம் வையுங்கள். சில வாரத்தில் குட்டையான, தடித்த, ஊதாப் பச்சை முளை வரும். இருட்டில் வைத்தால் வெளிறி நீண்டு, நடும்போது ஒடிந்துவிடும். ஏப்ரல் கடைசியில் ஓரடி இடைவெளியில், வரிசைக்கு இரண்டடி விட்டு நடுங்கள். தண்டு ஒரு சாண் உயர்ந்ததும் இரு பக்கமும் மண் அணையுங்கள். உறைபனி எச்சரிக்கை வந்தால் பழைய போர்வையால் மூடுங்கள். சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ எதிர்பார்க்கலாம். மழை மிகுந்த ஜூலையில் இலையில் கருகல் நோய் வந்தால் தயங்காமல் தண்டை வெட்டி அகற்றுங்கள். கிழங்கை இரண்டு வாரம் மண்ணிலேயே விட்டுப் பிறகு கிண்டலாம். ஆரம்ப இரகங்களை நட்டால் நோய் வருமுன்பே பெரும்பகுதி குசினிக்கு வந்துவிடும்.

மற்றது க்ரூன்கோல் என்னும் சுருட்டை இலைக் கோவா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் நமக்குக் குளிர்காலம் முழுவதும் பச்சை தரக்கூடிய கீரை இதுதான். மே மாதத்தில் விதைத்து, ஜூனில் அரை மீட்டர் இடைவெளியில் நாற்று நடுங்கள். அன்றே மேலே வலை போடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வண்ணாத்துப்பூச்சியின் புழு ஆகஸ்டுக்குள் நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். அக்டோபரில் இருந்து கீழ் இலையில் தொடங்கி முறித்துக்கொண்டே போகலாம். உச்சியை விட்டுவைத்தால் மரம் போல நின்று மார்ச் வரை தரும். பனி மூடிய இலையை உள்ளே கொண்டுவந்தால் குளிர்பட்ட பின் இனிப்புக் கூடியிருக்கும். தண்டை உருவி எறிந்து, இலையை மயிர் போல மெல்லிசாக அரியுங்கள். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, மஞ்சள் போட்டு, இலையைச் சேர்த்து மூடாமல் கிளறி, தேங்காய்ப்பூவும் எலுமிச்சைப் புளியும் கலந்து இறக்கினால் வறை. முருங்கையிலை வறைக்கு இது நிகரில்லைதான். ஆனாலும் ஜனவரியில் சோற்றுக்குப் பக்கத்தில் சொந்த முற்றத்துக் கீரை இருப்பது பெரிய காரியம். நாலுபேர் உள்ள வீட்டுக்குப் பத்துச் செடி போதும்.

இவற்றோடு லீக்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் குளிர் தாங்கும். உள்ளியை அக்டோபரில் பல் பல்லாக நட்டு அடுத்த ஜூலையில் பிடுங்க வேண்டும். நம் ஆட்கள் வசந்தத்தில் நட்டுவிட்டுப் பூண்டு பிரியவில்லையே என்று குறைப்படுவது வழக்கம். அதற்குக் குளிர் தேவை.

நம் கறிக்குரியவை

வெந்தயம் இங்கே அருமையாக வரும். கடைப் பொதியில் இருக்கும் சமையல் வெந்தயத்தையே மே கடைசியில் தூவுங்கள், ஒரு மாதத்தில் கீரை. கொத்தமல்லியும் அப்படியே, ஆனால் நீண்ட பகலில் கெதியாகப் பூத்துவிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதையுங்கள். தண்டுக்கீரை ஜூன் சூட்டில் மட்டும் எழும். மிளகாயை ஜனவரி, பெப்ரவரியில் வீட்டுக்குள் முளைக்க வைத்து, ஜூனில் கண்ணாடிக் கூட்டுக்குள்ளோ தெற்குச் சுவரோரமோ வையுங்கள். தக்காளிக்கு மார்ச். கறிவேப்பிலை சாடியில், கோடையில் வெளியே, செப்டம்பரில் உள்ளே. அதன் வேரில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். இங்கே குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், இலை மஞ்சளாகும். மழைத் தண்ணீர் ஊற்றினால் தேறும். இதற்கென்றே கூரைக் குழாயின் கீழ் மூடியுள்ள பீப்பா ஒன்று வைப்பது நல்லது. முருங்கைக்கும் பயிற்றங்காய்க்கும் இந்த முற்றத்தில் மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இடத்தில் போஞ்சி நட்டால் வாளி வாளியாகக் காய்க்கும்.

ருபாபைத் தவறவிடாதீர்கள். ஒருமுறை நட்டால் பத்து வருடம் நிற்கும், சதுர மீட்டர் இடம் கேட்கும். ஏப்ரலில் இருந்து தண்டு தரும். பருப்பிலும் மீன் குழம்பிலும் புளிக்குப் பதிலாக நறுக்கிப் போடலாம், சரியாகப் பொருந்தும். இலை நஞ்சு, அதை உண்ணவே கூடாது. ஜூன் 23ஆம் தேதி சாங்க்ட் ஹான்ஸ் இரவுக்குப் பின் டேனிஷ்காரர் ருபாப் முறிப்பதில்லை. செடி அடுத்த ஆண்டுக்குத் தேறவும், தண்டில் ஒக்சாலிக் அமிலம் கூடாமல் இருக்கவும் அந்த வழக்கம். நாமும் அதைக் கைக்கொள்வோம்.

இங்கே தோட்டத்தின் பெரிய எதிரி ஐபீரிய நத்தை. ஓடில்லாத செம்பழுப்புப் பிராணி, மழை இரவில் ஒரு பாத்தி நாற்றை முடித்துவிடும். அந்தி சாய்ந்ததும் ரோர்ச் வெளிச்சத்தில் பொறுக்குவதைத் தவிர நம்பகமான வழி கிடையாது. அயல்வீடும் சேர்ந்து பொறுக்கினால்தான் பலன், ஏனென்றால் அதற்கு வேலி தெரியாது.

குப்பை, கோழி, காடு

மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, புல், இலைச்சருகு எல்லாம் கொம்போஸ்ட் பெட்டிக்கு. சோறும் கறியும் மீன் தலையும் அதற்குள் போகக் கூடாது. அவற்றை நகராட்சி எடுக்கும் உணவுக் கழிவுத் தொட்டியில் போடுங்கள், உயிர்வாயு ஆக்குவார்கள். பெட்டியின் அடியில் நெருக்கமான கம்பி வலை போடுங்கள். எலியைக் கண்டால் நகராட்சிக்கு அறிவிப்பது டென்மார்க்கில் சட்டப்படி கடமை.

கோழியைப் பலர் முதலிலேயே கேட்பார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். சங்கத்தின் வீட்டு ஒழுங்கில் அனுமதி வேண்டும், சேவலுக்கு அனேகமாகக் கிடைக்காது, பறவைக் காய்ச்சலுக்கு அஞ்சி தீனியும் தண்ணீரும் கூரைக்கடியில் வைக்க வேண்டும். இறைச்சி சமைக்கும் குசினியின் மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது ஐரோப்பிய விதிப்படி தடை. ஊரில் கோழி வளர்த்ததற்கு முதற்காரணமே அந்த மிச்சம்தான். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைய முட்டையும் குறையும். அயலில் நாலு வீடு சேர்ந்து முறைபோட்டுப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

நகரத்தின் வடக்கே வெஸ்ட்ஸ்கோவன் காடு இருக்கிறது. 1967இல் இருந்து விளைநிலத்தில் மரம் நட்டு உருவாக்கிய அரச காடு. சொந்தப் பாவனைக்கு அங்கே பழமும் பூவும் இலையும் பறிக்கலாம். ஜூனில் எல்டர் பூ, சீனியும் எலுமிச்சையும் சேர்த்து ஊறவைத்தால் சர்பத். அதன் கறுத்த பழத்தைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, காய்ச்ச வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பிளாக்பெரி, முள் கையைக் கிழித்தாலும் ஒரு மணி நேரத்தில் ஜாமுக்குப் போதுமானது சேரும். காளான் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆசியாவில் உண்ணும் வைக்கோல் காளானும் இங்குள்ள கொலைநஞ்சுக் காளானும் பார்வைக்கு மிக நெருக்கம். தெரிந்த ஒருவர் கூட இருந்து காட்டாமல் எதையும் பறிக்க வேண்டாம்.

சேர்த்து வைத்தல்

ஆகஸ்டில் வந்து குவிவதை ஜனவரிக்குக் கொண்டுபோவதுதான் உண்மையான வேலை. இங்கே வெயிலில் வற்றல் போடுவதை நம்ப முடியாது. போஞ்சி, கீரை, தக்காளி ஆழ்குளிர்ப் பெட்டிக்கு. கோவாவையும் கரட்டையும் நூறு கிராமுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு என்ற கணக்கில் பிசைந்து, தன் சாறிலேயே மூழ்கும்படி போத்தலில் அமுக்கினால் புளித்துப் பல மாதம் நிற்கும். ஒன்றை மறக்க வேண்டாம். பச்சை உள்ளியை எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைக்காதீர்கள். புளிப்பில்லாத மரக்கறியை வெறும் வெந்நீரில் வேகவைத்துப் போத்தலில் அடைக்காதீர்கள். போட்டுலிசம் என்ற கொடிய நஞ்சு அங்கேதான் உருவாகும், மணத்திலும் தெரியாது. நம் முறை ஊறுகாயில் புளியும் உப்பும் நிறைய இருப்பதால் அது தப்புகிறது.

இட்லி மா குளிரில் பொங்காது என்பது எல்லா வீட்டு முறைப்பாடும். அவணுக்குள் சூட்டைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். தயிருக்கும் அதே இடம்.

சூடும் மின்சாரமும்

அல்பர்ட்ஸ்லுண்டில் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் சூடு நிலத்தடிக் குழாயில் வருகிறது. மேற்குப் புறநகர்களுக்கு மொத்தமாகச் சூடு தரும் வெக்ஸ் நிறுவனம் 1984இல் தொடங்கியது. குழாயில் வரும் நீரின் வெப்பத்தைக் குறைத்து, வழியில் வீணாவதைத் தடுப்பது நகராட்சியின் நெடுநாள் திட்டம். இதில் வீட்டின் பங்கு என்னவென்றால், சூடாக வந்த தண்ணீரை நன்றாகக் குளிரவைத்துத் திருப்பி அனுப்புவது. ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மேற்புறம் சூடாகவும் கீழ்க் குழாய் ஆறியும் இருந்தால் சரி. கீழும் சுட்டால் தண்ணீர் வேலை செய்யாமல் ஓடிப்போகிறது. ஒரு அறையில் ஒன்றை முழுதாகத் திறந்து மற்றதை அடைக்காமல், எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தில் தாழ்வாக வையுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை எதிரெதிர் யன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் காற்றோட விடுங்கள். நம் சமையல் ஆவியும் அறைக்குள் காயும் உடுப்பும் சேர்ந்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

மின்சாரத்தில், மாலை 5 மணி முதல் 9 மணி வரை கடத்தல் கட்டணம் மிக உயர்வு, குளிர்காலத்தில் இன்னும் கூட. உடுப்புத் துவைப்பதையும் மா அரைப்பதையும் அந்த நேரத்தில் இருந்து அகற்றுங்கள். பருப்பையும் கடலையையும் ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் போடுவது நாம் ஏற்கெனவே செய்கிற நல்ல பழக்கம்.

வேலிக்கு அப்பால்

மேலே சொன்னவற்றில் பாதிக்குத் தனி வீட்டின் முயற்சி போதாது. முற்றத்தில் கண்ணாடிக் கூடு வைப்பதா, மழைப் பீப்பா வைப்பதா, பொதுப் புல்வெளியில் தோட்டப் பாத்தி வெட்டுவதா, எல்லாவற்றுக்கும் சங்கத்தின் இணக்கம் வேண்டும். வாடகையாளர் தன் வீட்டில் மாற்றம் செய்யும் உரிமைக்கு ரோதரெத் என்று பெயர். வெளிப்புறத்தில் எதெல்லாம் செய்யலாம் என்ற பட்டியலை உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கோலோனிஹேவவுக்கும் வீடில்லாத மரக்கறித் துண்டுக்கும் காத்திருப்புப் பட்டியல் நீளம். இன்றே பெயரைப் பதியுங்கள், முறை வரும்வரை முற்றத்தில் பழகுங்கள்.

அல்பர்ட்ஸ்லுண்டுக்கு இதில் ஒரு நல்ல மரபு உண்டு. 1990களில் இருந்து இங்கே குடியிருப்புப் பகுதி ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், சூடு, மின்சாரம், குப்பை எவ்வளவு என்று பசுமைக் கணக்கு வெளியிடும் வழக்கம் இருக்கிறது. ஹுல்லஸ்பியெல்டெத் வாசிகள் சூழல் வேலையைத் தாங்களே கூடி நடத்துவதற்குப் பெயர்பெற்றவர்கள். ஆனால் நம் குடும்பங்களில் பலர் பகுதிக் கூட்டத்துக்குப் போவதில்லை. மொழி வராது, அது அவர்களின் கூட்டம் என்ற எண்ணம். அந்தக் கூட்டத்தில்தான் வருடச் செலவுத் திட்டமும் தோட்டமும் கோழியும் வீட்டு ஒழுங்கும் வாக்குக்கு விடப்படுகின்றன. பொதுவாக நாலு வாரம் முன்னதாக அழைப்பு வரும், பிரேரணையை இரண்டு வாரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். பிரேரணை நாலு வரி இருந்தால் போதும். எந்த இடத்தில் எத்தனை பாத்தி, யார் பராமரிப்பது, என்ன செலவு என்று எழுதுங்கள். பிள்ளைகள் டேனிஷில் திருத்தித் தருவார்கள். வீடு பெரிதோ சிறிதோ, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாக்கு உண்டு. அடுத்த கூட்டத்துக்கு அந்த இரண்டு வாக்கையும், பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.